பழைய குப்பைமேட்டைத் தோண்டுவதா, மூடுவதா? சலித்த மண்ணைக் கேட்போம்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் ஒரு தோட்டத்து ஊர். பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. தோட்டத்து லயன் வீடுகளில், அதாவது லயத்தில், இருந்த குடும்பங்களில் பெரும்பாலோர் தாமான் குடியிருப்புக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். ஓடைக்கரையில் கிடக்கும் பழைய குப்பைமேடு மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே லோரி வருவது நின்று பல வருடங்கள் ஆகியும், பெருமழை பெய்தால் அடிவாரத்தில் பழுப்பு நீர் கசிந்து ஓடையில் இறங்குகிறது.

அந்த இடத்தை என்ன செய்வது என்று குடியிருப்பாளர் சங்கத்தில் இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. களிமண் போட்டு மூடிப் புல் வளர்க்கலாம் என்கிறார்கள் சிலர். தோண்டி எடுத்து, இரும்பையும் பிளாஸ்டிக்கையும் விற்று, மண்ணைத் தோட்டத்துக்குக் கொடுத்து, காலியாகும் நிலத்தில் பிள்ளைகளுக்கு வீடு கட்டலாம் என்கிறார்கள் வேறு சிலர். நிலத்துக்காக நம் மக்கள் எவ்வளவு காலமாக அலைகிறார்கள் என்று தெரிந்த யாரும் இந்த இரண்டாவது பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதனாலேயே இதை நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்போ பிளாஸ்டிக்கோ இந்த முடிவைத் தீர்மானிக்காது. தோண்டியதைச் சல்லடையில் போட்டால் கீழே விழுகிறதே, மண் மாதிரியான கரிய பொடி, அதுதான் தீர்மானிக்கும். அதைச் சோதிக்காமல் எந்த வழிக்கும் கை தூக்கக் கூடாது.

உள்ளே என்ன கிடக்கிறது

அடி அடுக்கு பிளாஸ்டிக் பைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்துக் குப்பை. சாம்பல், தகர டின், கண்ணாடிப் புட்டி, ரப்பர் பால் பிடித்த பீங்கான் மங்கு (பால் மங்கு) உடைந்தது, கட்டடக் கல் என்று இருக்கும். மேலே வரவர பிளாஸ்டிக் பை, டயப்பர், பழைய துணி, டயர். மலேசிய வீட்டுக் குப்பையை 2012ல் ஆராய்ந்தபோது ஏறக்குறைய 45 சதவீதம் உணவுக்கழிவு என்று தெரிந்தது. அந்த உணவுக்கழிவு புதைந்தபடியே கிடப்பதில்லை. மட்கி, அவ்வப்போது மேலே கொட்டிய மூடுமண்ணோடு கலந்து பொடியாகிறது. பழைய மேடுகளைத் தோண்டிய பல நாடுகளிலும் எடையில் பாதியை ஒட்டியும், சில இடங்களில் பாதிக்கு மேலும், இந்தப் பொடிமண்ணே வந்திருக்கிறது.

கணக்குக்காக ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். 2 ஏக்கர் பரப்பு, சராசரி 4 மீட்டர் ஆழம். அது 32,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1 டன் என்று வைத்தால் 32,000 டன். இதில் பொடிமண் 55 சதவீதம், கல், செங்கல், கண்ணாடி, பீங்கான் 15 சதவீதம், எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி, மரம் 25 சதவீதம், உலோகம் 2 சதவீதம், பிரிக்க முடியாததும் ஆபத்தானதும் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான விகிதத்தைக் குழி வெட்டித்தான் அறிய முடியும். இந்த எண்கள் ஒரு வழியை இன்னொரு வழியோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே.

கூட்டத்தில், முன்பு குப்பை லோரி ஓட்டிய பெரியவர் ஒருவர் சொன்னார்: "நானே அந்தப் பள்ளத்துல எத்தன லோரி இரும்பு கொட்டிருப்பேன் தெரியுமா தம்பி? தோண்டுனா காசு." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2 சதவீதம் என்றாலே 640 டன். ஆனால் ஈரத்தில் பல பத்தாண்டு கிடந்த தகரம் துருவாகவே பாதி போயிருக்கும். பழைய இரும்பு வாங்குபவர் ஒட்டிய மண்ணுக்கும் துருவுக்கும் எடையைக் கழித்துத்தான் காசு கொடுப்பார். உலோகம் விற்கும் பணம் தோண்டும் செலவில் ஒரு பங்கை ஈடுகட்டலாம். அதை நம்பி மட்டும் யாரும் எக்ஸ்கவேட்டரை வாடகைக்கு எடுக்க முடியாது.

மூடுவது

செலவு குறைந்தது இதுதான். மேட்டைச் சரிவாக வெட்டி ஒழுங்குபடுத்தி, நீர் புகாத களிமண்ணை அழுத்தமாகப் பரப்பி, அதன் மேல் நல்ல மண்ணும் புல்லும் போட வேண்டும். சுற்றிலும் வடிகால், வாயு வெளியேறக் குழாய், நிலத்தடி நீரைச் சோதிக்கக் கிணறு ஆகியவையும் வேண்டும். மேலிருந்து இறங்கும் மழை நின்றால் கசிவு வெகுவாகக் குறையும்.

ஆனால் எங்கள் மேட்டுக்கு அடியில் நீரைத் தடுக்கும் விரிப்பு எதுவும் கிடையாது. பக்கவாட்டில் ஓடை நீர் உயரும்போது அது குப்பைக்குள் புகுந்துதான் வெளியே வரும். மேலே எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் அதைத் தடுக்காது. அப்புறம், மூடிய மேட்டைப் பல பத்தாண்டுகள் கண்காணிக்க வேண்டும். வருடா வருடம் அந்தக் கிணற்று நீரை யார் எடுப்பது, யார் பணம் கட்டுவது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், மூடி போட்ட சில ஆண்டுகளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மூடிய மேட்டின் மேல் வீடு என்பதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: கூடாது. குப்பை மட்கும்போது வரும் வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன் இருக்கலாம். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு தீப்பொறி போதும். தரைக்குக் கீழே சேர்ந்து, சுவர் வெடிப்பு வழியாக அறைக்குள் வரும். நிலமும் ஒரே சீராக இறங்காது. ஒரு மூலை இறங்கி மறுமூலை நின்றால் சுவர் பிளக்கும். திடல் போடலாம், மரம் நடலாம், அவ்வளவுதான்.

முழுவதையும் வேறு இடத்துக்கு ஏற்றுவது

15 டன் ஏற்றும் லோரியில் 32,000 டன் என்றால் 2,100 நடைக்கு மேல். அதுவும் பள்ளி நேரத்திலும் தோட்டத்துச் சாலையில்தான் போக வேண்டும். போய்ச் சேரும் குப்பைநிலத்தில் கொட்டுக் கட்டணமும் உண்டு. நம் இடத்துப் பிரச்சினையை இன்னொரு இடத்தின் பிரச்சினையாக மாற்றி, அதில் பாதி வெறும் மண்ணுக்குப் பணம் கட்டுகிறோம். சோதனையில் மண் மோசமாக இருந்தால் தவிர இந்த வழியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

சலித்துப் பிரித்துப் பயன்படுத்துவது

பேச்சில் எல்லோரையும் இழுப்பது இந்த வழிதான். இது புதிய யோசனையும் அல்ல. 1953லேயே இஸ்ரேலில் டெல் அவிவ் அருகே ஹிரியா மேட்டைத் தோண்டிச் சலித்து, பழத்தோட்ட மண்ணை வளப்படுத்தக் கொடுத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடாவில் நேப்பிள்ஸ் நகர மேட்டைத் தோண்டியபோது, பொடிமண் அதே குப்பைநிலத்துக்கு மூடுமண்ணாகப் பயன்பட்டது. பிரித்த பிளாஸ்டிக்கும் மற்றவையும் மேலும் நிறையச் சுத்தம் செய்யாமல் விற்கும் தரத்தில் இல்லை. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் தோண்டியதில் 56 சதவீதம் எரிபொருளாகவும் 41 சதவீதம் மண்ணாகவும் பிரிந்தது. அங்கே எரிபொருள் கணக்கு ஒத்துவந்ததற்குக் காரணம், அந்த மாவட்டத்தின் எரி ஆலைக்கு அப்போது போதிய குப்பை வராமல் இடம் காலியாக இருந்ததுதான். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி மேட்டைச் சலித்து நிலத்தை மீட்கும் வேலையை நம்மில் பலர் செய்தியில் பார்த்திருப்போம்.

இவற்றில் நமக்கு எது பொருந்தும்?

எரியும் பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்களுக்குப் பக்கத்திலேயே சிம்மோரில் கந்தான் சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆகவே தூரம் தடையில்லை, தரம்தான் தடை. பிளாஸ்டிக் பை செய்யும் பாலிஎத்திலீன் சுத்தமாக இருந்தால் கிலோவுக்கு 40 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் தரும். மேட்டிலிருந்து வரும் பை ஈரமும் மண்ணும் ஒட்டியது. சில நேரம் அதில் பாதி வெப்பம்கூடத் தேறாது. பிவிசி குழாயிலிருந்தும் உணவு உப்பிலிருந்தும் வரும் குளோரின் சூளைக்குள் படிந்து அடைப்பு உண்டாக்கும். அதனால் சிமெண்ட் சூளைகளுக்குப் போகும் எரிபொருளில் குளோரின் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். எனவே வெப்ப அளவு, ஈரம், சாம்பல், குளோரின் ஆகிய நான்கையும் அளந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் ஆலை பதில் சொல்லும்.

இந்த இடத்தில் ஒரு யோசனையை வெட்டியே தீர வேண்டும். செம்பனை ஆலை கொதிகலனில் போட்டு எரித்துவிடலாமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். கூடவே கூடாது. அந்தக் கொதிகலன் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கக் கட்டியது. பிவிசி கலந்த குப்பையை எரிக்க, புகை 850 டிகிரிக்குக் குறையாமல் குறைந்தது 2 விநாடி இருக்க வேண்டும், அதற்குரிய புகை வடிகட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் டையாக்சின் என்ற நச்சு கலந்த புகை லயத்தின் மேலும் பள்ளிக்கூடத்தின் மேலும் இறங்கும்.

கல், செங்கல், பால் மங்கு எல்லாம் தொல்லை இல்லாதவை. கழுவி, அஸ்பெஸ்டாஸ் துண்டு கலக்காமல் பார்த்துக்கொண்டால் தோட்டத்துப் பாதைக்கு அடிக்கல்லாகப் போடலாம். ஆனால் அந்த அஸ்பெஸ்டாஸ் விஷயம் லேசானது அல்ல. பழைய வீடுகளை இடித்தபோது கூரைத் தகடுகள் எங்கே போயின என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடைந்த தகட்டை எக்ஸ்கவேட்டர் நசுக்கினால் தூசி பறக்கும். தோண்டும் இடத்தில் அது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தி, நனைத்து, பையில் கட்டி, அட்டவணைக் கழிவாக (சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவாக) உரிமம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. பூச்சிமருந்து, களைக்கொல்லிக் கலன்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

சலித்த மண்

எரியும் பகுதிக்கு வாங்குபவர் கிடைக்காவிட்டால், அதைக் கட்டி வைத்து ஒரு மூலையில் மறுபடி புதைக்கலாம். பொடிமண்ணை அப்படிச் செய்ய முடியாது, எங்கள் கணக்கில் அது 17,600 டன். அதற்கு இடம் கிடைத்தால் தோண்டும் வேலை நடக்கும். கிடைக்காவிட்டால், தோண்டியதெல்லாம் இடம் மாற்றிய குப்பைதான்.

தோட்டத்துக்கு உரமாகக் கொடுக்கலாம் என்பது பரவலான ஆசை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்த வெற்றுக் குலை ஏற்கெனவே மலைபோல் கிடைக்கிறது. தோட்டங்கள் அதையே மரத்தடியில் பரப்புகின்றன. அவ்வளவு சுத்தமான பொருள் கையில் இருக்கும்போது கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்த மண்ணை எந்த நிர்வாகம் ஏற்கும்? அதைவிட முக்கியம் உலோக நஞ்சு. பேட்டரி, பெயின்ட், மின்சாதனம் எல்லாவற்றிலிருந்தும் கரைந்தது கடைசியில் இந்தப் பொடியில்தான் ஒட்டிக்கொள்ளும். துகள் சிறியதாக ஆக ஆக அது அதிகமாகும். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு வைத்திருக்கும் உச்சம் கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15. நம்மூர் அதிகாரிகள் எந்த அளவுகோலைச் சொன்னாலும், பக்கத்தில் வைத்துப் பார்க்க இது உதவும்.

ஆர்செனிக்கைக் குறிப்பாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பாராகுவாட் வருவதற்கு முன் மலாயா ரப்பர் தோட்டங்களில் களைக்கு அடித்தது சோடியம் ஆர்செனைட். மிஞ்சியதும் காலி டின்னும் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் போதும். சாதாரண நகரக் குப்பைமேட்டுக்கு எழுதிய சோதனைப் பட்டியலை அப்படியே எடுத்து வந்தால் இது விடுபடக்கூடும். வெள்ளீயம் தோண்டிய கிந்தாப் பகுதி மண்ணில் இயற்கையாகவே ஆர்செனிக் கூடுதலாக இருக்கும் இடங்களும் உண்டு. பாஸ்பேட் உரத்தால் தோட்டத்து மண்ணில் காட்மியம் ஏறியிருக்கலாம். ஆகவே குப்பை விழாத, உயரமான பக்கத்து நிலத்திலிருந்தும் ஒப்பிட மண் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டின் குற்றம் எது, ஊர் மண்ணின் குணம் எது என்று பிரிக்க முடியாது.

சோதனையை மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, மட்கி முடிந்துவிட்டதா? மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி ஈரத்தையும், 550 டிகிரியில் எரித்து மிச்சமிருக்கும் கரிமப் பொருளையும் அறியலாம். அதிகம் மிஞ்சியிருந்தால் மண் இன்னும் வாயு விடும், இறங்கும், நிரப்ப உதவாது. இரண்டாவது, மொத்த உலோகம் எவ்வளவு? மண்ணைக் கடும் அமிலத்தில் கரைத்து ஒவ்வொன்றையும் அளப்பார்கள். மூன்றாவது, மழையில் எவ்வளவு கரைந்து வெளியேறும்? இதற்கு அசிட்டிக் அமில நீரில் 18 மணி நேரம் குலுக்கி, வடித்த நீரைச் சோதிக்கும் முறை பரவலாகப் பயன்படுகிறது.

இந்த மூன்றாவது சோதனையில் தேறிய தாளைக் காட்டி "மண் பாதுகாப்பானது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த முறையில் காரீயத்துக்கான வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குப்பை ஆபத்தான வகையா இல்லையா என்று பிரிக்க வைத்த வரம்பு அது. கீரை போடவும் குழந்தை விளையாடவும் ஏற்ற மண்ணா என்பதை அது சொல்லாது. அதற்கு இரண்டாவது சோதனையின் மொத்த அளவைத்தான் பார்க்க வேண்டும்.

நடு வழி

எனக்குச் சரியாகப் படுவது இதுதான். முழு மேட்டையும் தோண்ட வேண்டாம். ஓடையை ஒட்டிய பகுதியை மட்டும் தோண்டி, சலித்து, மேட்டை ஓடையிலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பொடிமண்ணைக் கொண்டே மிச்சமிருக்கும் மேட்டைச் சரிவாக்கி, அதன் மேல் வெளியிலிருந்து வரும் களிமண் மூடியைப் போடலாம். இப்படிச் செய்தால் பொடிமண் வேலி தாண்டிப் போகாது. கல்லும் உள்ளேயே பாதைக்குப் பயன்படும். இரும்பு விற்கும், எரியும் பகுதி தரம் இருந்தால் போகும், இல்லாவிட்டால் உள்ளே அடங்கும். முழு மேட்டையும் இதே முறையில் சலித்தால்கூட வெளியே போவது 30 சதவீதம், அதாவது 640 லோரி. பாதி மேடு என்றால் 320. 2,100 நடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையும் உண்டு. வீட்டுக்கு நிலம் கிடைக்காது, அல்லது ஓடைப் பக்கத்தில் ஒரு துண்டு கிடைத்தாலும் அடி மண் சுத்தம் என்று தனியாக நிரூபித்த பிறகே அதைத் தொடலாம். வீடு கேட்கும் குடும்பங்களுக்கு இது ஏமாற்றம்தான். அவர்களுக்கான நிலத்தை மாநில அரசிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் வேறு இடத்தில் கேட்டுப் போராட வேண்டும். குப்பைமேட்டு நிலத்தை அதற்குப் பதிலாக ஏற்றுக்கொள்வது நியாயம் இல்லை.

பொடிமண்ணில் உலோகம் ஊர் மண்ணைவிட வெகுவாகக் கூடியிருந்தாலும் நடு வழி நிற்கும், ஏனென்றால் அந்த மண் மூடிக்கு அடியிலேயே தங்குகிறது. கரைவுச் சோதனையிலும் தோற்றால்தான் கணக்கு மாறும். அப்போது அந்தப் பகுதியைத் தனியாக ஏற்றி அனுப்ப வேண்டும். மாறாக, குழியில் குப்பை இன்னும் மட்காமல் வெப்பமாகவும் நாற்றமாகவும் வந்தால் தோண்டுவதை ஒத்திவைத்து, குழாய் வழியே காற்றைச் செலுத்தியோ மூடி வைத்தோ காத்திருப்பது நல்லது.

குழி வெட்டும் முன்

பேராக் மாநிலம் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்காத மாநிலங்களில் ஒன்று. அதனால் இங்கே குப்பை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு, கசிவும் அட்டவணைக் கழிவும் சுற்றுச்சூழல் இலாகாவின் பார்வை. இரண்டு இடத்துக்கும் கடிதம் போக வேண்டும். நிலம் தோட்டத்துடையது என்றால் மூன்றாவது கடிதமும் உண்டு.

காலம் முக்கியம். ஈரமண் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும், குழியில் நீர் நிற்கும். எங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலையில் மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் தோண்ட யாரும் நினைக்கவே வேண்டாம். 2 ஏக்கருக்கு ஆறேழு குழியாவது வேண்டும். ஓடைப் பக்கம் கூடுதலாகவும், பழைய லோரி ஓட்டுநர்கள் காட்டும் இடங்களிலும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்தையும் தனிக் குவியலாக வைத்து, கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்து மறுபடி கலந்து குறைத்தால்தான் மாதிரி முழுக் குவியலையும் காட்டும். கையில் கிடைத்த ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டு அனுப்புவது சோதனை ஆகாது. குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது, வாயு அளக்கும் கருவி அருகில் இருக்க வேண்டும்.

கடிதத்தில் மூன்று விஷயங்களைச் சேர்க்கும்படி சங்கத்தைக் கேட்டிருக்கிறேன். சோதனை, மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான சாமின் (SAMM) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் நடக்க வேண்டும், பட்டியலில் ஆர்செனிக் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பாதியை முத்திரையிட்டு ஊர்த் தரப்பிடம் கொடுக்க வேண்டும். இரும்பு விற்கும் பணம் கண்காணிப்புக் கிணறுகளுக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும்.